டைல்ஸுக்குப் பின்னால் மூன்று பேர்

படப்பைக்குப் பக்கத்தில், தாம்பரம் பஸ்ஸுக்காக நான் தினமும் நிற்கிற நிழற்குடைச் சுவரில் ஒரு பழைய கல் உண்டு. இந்த ஊரிலிருந்து முதல் உலகப் போருக்கு ஆட்கள் போனார்கள், மூன்று பேர் திரும்பவில்லை என்று அதில் இங்கிலீஷில் இரண்டு வரி.

இன்று காலை கல்லைக் காணோம். சுவர் முழுக்கப் பளபளவென்று டைல்ஸ்.

"அந்தக் கல்லை என்ன பண்ணீங்க?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"ஒடைக்கல சார். உள்ளதான் கீது. மேல டைல்ஸ் ஒட்டிட்டோம். அதுல இன்னா எழுதியிருந்துது?"

சொன்னேன்.

"செத்தவங்க பேரு?"

"பேர் போடல. நம்பர் மட்டும்தான்."

"உசுர வுட்டவனுக்குப் பேரு கூடவா போடல?"

நான் சுவரைப் பார்த்தேன். டைல்ஸுக்கு நடுவே புதுக் கருப்பு கிரானைட் பலகை. 'உபயம்' என்று போட்டு, கொடுத்தவர், மனைவி, மகன்கள், மருமகள்கள், பேத்தியின் செல்லப் பெயர் வரை தங்க எழுத்தில் இருந்தது.

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார். "சார், பலகையில கீழ மூணு வரிக்கு எடம் கீது. பேரு தெரிஞ்சா சொல்லு. எழுத்து வெட்ற ஆளு சாயங்காலம் வருவான். இல்லன்னா பூ டிசைன் போட்டுருவான்."

பதினொரு வருடமாக அந்தக் கல்லில் சாய்ந்து போன் பார்த்தவன் நான். ஒரு பேர்கூடத் தெரியாது.

உங்களில் யாருக்காவது தெரிந்தால் சாயங்காலத்துக்குள் கமெண்டில் போடுங்கள்.

இல்லையென்றால் பூதான்.