மூன்றாவது தவறு

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. மகள் பொறியாளர். ஆனாலும் ஸ்பானர் அவர் கையில்தான்.

"டார்ச்சை நேராப் பிடிம்மா. படிச்ச படிப்புக்கு அதாவது ஒழுங்கா வரட்டும்."

அவர் கொதிகலன் பார்த்துக்கொண்ட ஆலையில் முதல் தவறுக்கு எச்சரிக்கை. இரண்டாவதுக்குச் சம்பள உயர்வு கிடையாது. மூன்றாவதுக்கு வேலையே கிடையாது. ஒரு முறை தண்டித்தும் திருந்தாதவனுக்கு அடுத்த முறை இன்னும் வலிக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அப்பா போட்ட கணக்கு வேறு. ஒரே தவறுக்கு ஆளுக்கொரு விலை என்றால், யாருக்கு மலிவோ அவர் தலையில் போட்டுக்கொள்ளலாமே.

கூட்டாளி நெட்டையன் ஷிஃப்ட்டில் தூங்கிப்போனார். கொதிகலனில் தண்ணீர் இறங்கிவிட்டது. அவருக்கு அது மூன்றாவது. "நான்தான் கவனிக்கல" என்றார் அப்பா.

"அவர் மறுபடி தூங்க மாட்டாரா?" என்று மகள் கேட்டாள்.

"தூங்குவான். அதுக்காக அவன் பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

அடுத்த வருடமும் நெட்டையன் தூங்கினார். அப்பா மறுபடி ஏற்றுக்கொண்டார். அம்மா பொரிந்து தள்ளினாள்.

"கண்டவன் அழுக்கையெல்லாம் சுமக்க நம்ம வீடுதான் கிடைச்சுதா?"

"எம் பேரு வெள்ளையாத்தானே கிடந்துச்சு. அதை வச்சு என்ன பண்றது?"

பிறகு ஒரு நாள் அப்பாவே வால்வைத் திறக்க மறந்தார். அத்தனை வருடத்தில் அவர் செய்த ஒரே தவறு. ஆலைக் கணக்கில் அது மூன்றாவது. விசாரணையில் நெட்டையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேலை போனது. அதன்பின் எந்த ஆலையும் அப்பாவைச் சேர்க்கவில்லை. சூத்திரத்தில் பிழையில்லை, உள்ளே போட்ட பெயர்தான் தப்பு என்று மகள் நினைத்துக்கொள்வாள்.

வாஷர் மாற்றிய வாரமே அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. நெட்டையன் துக்கம் கேட்க வந்து வாசலிலேயே நின்றார்.

"நான் சொல்லியிருக்கணும் பாப்பா."

"சொல்லியிருந்தா?"

"என் வேலை போயிருக்கும்."

"அப்பாவுக்கு?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆலை அலமாரியில் அப்பாவின் சாப்பாட்டு டப்பாவும் ஒரு சட்டையும் இன்னும் இருக்கின்றன. "நாளைக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துட்டு எடுத்துட்டு வந்துடறேன்" என்று அப்பா இருந்தவரை வாரம் தவறாமல் சொல்வார். ஆலை வாசல் பதிவேட்டில் வெளியாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள்.

சாவி ஆணியில் தொங்குகிறது.