பளபளக்காத குடம்

இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி மாட்ட ஆள் வந்தால், பழையது எங்கே போகும் என்று மூன்று முறை கேட்பேன். "கம்பெனிக்கே போயிடும் சார்" என்று அவனும் மூன்று முறை சொல்வான். நான்காவது முறை நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் காப்பியைக் கையில் கொடுத்துவிடுவாள். அவளுக்கு எங்கள் கோழிகளைத் தெரியாது.

நாங்கள் அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்த காலம் அது. அம்மாவின் தம்பி மெக்கானிக் கொட்டகைகளிலிருந்து செத்துப்போன கார் பேட்டரிகளை வாங்கிவந்து எங்கள் வாசலில் உடைப்பார். உள்ளிருக்கும் ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு, சுள்ளி எரித்து உருக்குவார். கறுத்த தகடு வெள்ளித் தண்ணீராகும். இறுகியதும், மீன் வலைக்குக் குண்டு செய்கிறவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். உலோகத்தைத் தண்ணீராக்கும் மாமா அந்தக் கரையில் வேறு எந்தப் பையனுக்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லாத நாள் இல்லை.

அந்த அடுப்புச் சாம்பலை அம்மா வீணாக்கவில்லை. அதைப் போட்டுத்தான் பாத்திரம் தேய்த்தாள். குழாயடி வரிசையில் எங்கள் பித்தளைக் குடம் மட்டும் தனியாக மின்னும்.

"இன்னாமே போட்டுத் தேய்க்கிற? சேட்டு வூட்டு கொடம் மாதிரி கீது!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கும் ஒரு கொட்டாங்கச்சிச் சாம்பல் அள்ளிக் கொடுத்தாள்.

அந்த மழைக்காலத்தில், அப்போதுதான் பேசப் பழகியிருந்த என் தங்கை ஓடுவதை நிறுத்தினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அதுவரை சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து காணாமல் போயின. "கொடத்து மேல வுயுந்த கண்ணு கொயந்த மேல பூட்ச்சி" என்று குழாயடி தீர்ப்புச் சொன்னது. அம்மா மிளகாய் சுற்றிப்போட்டாள். தாயத்தும் கட்டினாள். மாமா அடுப்பை எரித்துக்கொண்டே இருந்தார்.

கோழிகளை அடைப்பது என் வேலை. ஐந்து இருந்தன. சாம்பல் மேட்டைக் கிளறித் திரிந்த நான்கும் கழுத்துத் தொங்கிச் செத்தன. கூடையில் அடைகாத்துக் கிடந்தது மட்டும் கொக்கரித்தது. அன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா அந்தக் கோழியையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தாள். தங்கை ஈர விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, மாமா நெருப்பு மூட்டுவதற்கு முன், அவருடைய சுத்தியலாலேயே அம்மா அடுப்பை இடித்தாள்.

"இன்னாக்கா பண்ற? சோத்துக்கு நான் எங்க போறது?"

"சோறு நான் போட்றேன்டா. நாலு கோயி பூட்ச்சி. அட்த்தது இன்னா போவணும்? நீயே சொல்லு."

மாமா தங்கையைப் பார்த்தார். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அந்த வாரமே ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டச் சேர்ந்தார். சோறு எங்கள் வீட்டில்தான். சட்டி திரும்ப வரவில்லை.

அம்மா வாசல் மண்ணைச் சுரண்டி எடுத்து, தூரத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தாள். பக்கத்து வீட்டுக்கும் போய், கொடுத்த சாம்பலைத் திரும்பக் கேட்டாள். "குட்த்தத கேக்கறியே, வெக்கமா இல்ல?" என்றாள் அவள். "இல்லமே" என்று சொல்லிவிட்டு அம்மா வாங்கிக்கொண்டு வந்தாள்.

தங்கை மெல்ல மெல்ல நடந்தாள், பிறகு ஓடினாள். பேச்சும் வந்தது. எழுத்துக் கூட்டுவதில் மட்டும் கடைசிவரை தடுமாறினாள். ஈயம் குழந்தையின் ரத்தத்தில் ஏறினால் வயிற்றையும் மூளையையும் கெடுக்கும் என்று நான் படித்துத் தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. படிக்காத அம்மா கோழிகளை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

அப்போது எனக்கு வருத்தமெல்லாம் போன அடுப்பைப் பற்றித்தான். அதைவிடப் பெரிய வருத்தம், குழாயடியில் மானம் போனது. அம்மா செங்கல் பொடி போட்டுத் தேய்த்ததில் குடம் மங்கிவிட்டது.

"இன்னாமே, சேட்டு திவாலாயிட்டாரா?" என்று சிரித்தார்கள்.

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். அம்மா ஒரு பக்கம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் அந்த மங்கல் குடத்தை இடுப்பில் ஏற்றி, வரிசையின் நடுவே நிமிர்ந்து நடந்தாள். அப்படி நடக்க அந்தக் குடத்தில் என்ன இருக்கிறது என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.