‘முடியாது’ என்று எழுத மறுத்த ஸ்டெல்லா

ஸ்டெல்லா இறந்த செய்தி, எங்கள் கம்பெனி ஊழியர்களுக்கு அனுப்பிய இரங்கல் மின்னஞ்சலாகத்தான் எனக்கு வந்தது. ‘நமது மினி கேம் பெட்டியின் தாய்’ என்று அதில் அவரைப் புகழ்ந்திருந்தார்கள். மாரடைப்பில் போனவரை நினைத்து அழுவதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்தப் பெட்டியை எதிர்த்து வேலையை விட்டாரோ, அதற்கே அவரைத் தாயாக்கிவிட்டார்கள். இதை எழுதுவதால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

நாவலூரில், வீடியோ கேம் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள். ஸ்டெல்லா சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம். அதில் முதல் இன்ஜினீயர் அவர். மீட்டிங்கில் யாராவது சுற்றி வளைத்தால், “இன்னா சொல்ல வர்றீங்க, நேரா சொல்லுங்க” என்பார்.

அவர் தம்பி அந்தோணிக்கு ஐஸ் தொழிற்சாலையில் வலது கை நசுங்கியது. மிஞ்சிய விரல்களுக்கு ஏற்றபடி கேம் ஆடக் கையில் பிடிக்கும் பழைய கன்ட்ரோலர் ஒன்றின் பட்டன்களை ஸ்டெல்லாவே இடம் மாற்றிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு அந்தோணி ஒரே கிரிக்கெட் கேமை வருஷக்கணக்கில் ஆடினார். அதில் ஜெயித்து ஜெயித்துத்தான் தம்பிக்கு வெளியே வரும் தைரியமே வந்தது என்பார் ஸ்டெல்லா.

கம்பெனி புதிய கருவியை உருவாக்கியபோது, தன் பழைய கருவியின் கேம் டிஸ்க்குகளையும் கன்ட்ரோலர்களையும் அதில் இயங்கவைக்கும் வேலை அவரிடம் வந்தது. செய்தும் காட்டினார். அந்தக் கிரிக்கெட் கேம் புதுக் கருவியில் ஓடிய மதியம், எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தார்.

பிறகுதான் மேலிடத்துக்கு வேறு யோசனை வந்தது. பழைய டிஸ்க் ஓடினால், அதே கேமை மறுபடி விற்க முடியாதே! பழைய கருவியின் அதே தோற்றத்தில், ஆனால் உள்ளங்கை அளவே உள்ள ஒரு மினி பெட்டி. கம்பெனி பொறுக்கிய சில கேம்கள் மட்டும் உள்ளே. டிஸ்க் போட வழியே கிடையாது. ஸ்டெல்லாவின் வேலையை மூடிவைத்துவிட்டு, ‘தொழில்நுட்ப ரீதியாக முடியாது’ என்று அவரையே அறிக்கை தரச் சொன்னார் மேலாளர்.

“என் டேபிள்ல ஓடிகினு கீது சார். முடியாதுன்னு எப்புடி எழுதுவேன்?”

“மினி சீப்தானேம்மா, வாங்கிக்குவாங்க.”

“ஏற்கெனவே காசு குடுத்து வாங்குனவங்க சார். அவங்க டிஸ்க்க ஓடவுடாம பண்ண நாம யாரு?”

அறிக்கையை வேறொருவர் எழுதினார். ஊழியர்களுக்கெல்லாம் மினி இலவசமாகத் தந்தார்கள். அந்தோணியின் பழைய கருவி அப்போது பழுதாகிக் கிடந்ததால் ஸ்டெல்லா அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். அதில் அந்தக் கிரிக்கெட் கேம் இல்லை, கன்ட்ரோலரும் பொருந்தவில்லை. “அழகா கீதுக்கா. ஆனா இதுல நா எப்புடி ஆடறது?” என்றாராம் தம்பி. மறுநாள் மினியை மேலாளர் மேசையில் திருப்பி வைத்துவிட்டு, ஸ்டெல்லா ராஜினாமா செய்தார்.

செங்கல்பட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தார். எங்கள் கம்பெனிக்காக எழுதியதில் ஒரு வரியைக்கூடத் தொடாமல், அதே வேலையைச் செய்யும் சாஃப்ட்வேரை முதலிலிருந்து புதிதாக வீட்டில் எழுதினார். சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே பழைய டிஸ்க்கும் கன்ட்ரோலரும் இயங்கின. அந்தோணி மறுபடி ஆடினார். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த சாஃப்ட்வேரை சும்மா கொடுத்தார் ஸ்டெல்லா. எங்கள் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டிப் பார்த்தது, அவர் நிறுத்தவில்லை. மிரட்டியவர்களுக்குத்தான் இன்று அவர் பெயர் தேவைப்படுகிறது. வெட்கமாக இல்லையா?

சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைத் தோட்டத்தில், உறவினர்களுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத சிலர் நின்றிருந்தார்கள். மதுராந்தகத்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்த ஒருவரிடம் யார் என்று கேட்டேன்.

“அக்கா குடுத்த சாஃப்ட்வேர்லதான் ஆடிகினு கீறேன். போன்ல பேசிகீறேன், அவ்ளோதான். அவங்க மூஞ்ச இன்னிக்கிதான் பாக்கறேன்.”

மண் போடும் நேரத்தில் அந்தோணி அவரை முன்னே தள்ளி வந்தார். சக்கரங்கள் மணலில் புதைந்தன. நாங்கள் நாற்காலியோடு தூக்கிக் குழி ஓரத்தில் பிடித்துக்கொண்டோம். அவர் குனிந்து ஒரு பிடி மண் போட்டார்.

இளைப்பாறுங்கள், ஸ்டெல்லா.