கிளட்சுக்குள்ள காத்து

தேனியில ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கவுண்டர்ல நிக்கிறவ நான். வண்டிச் சாமான் எதக் கேட்டாலும் கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் குடுப்பேன். மாட்டச் சொன்னா முழிப்பேன். அப்படிப்பட்டவ ஹைட்ராலிக் கிளட்சப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்தேன்னா, அதுக்குக் காரணம் எங்க வீட்டுக்காரரு கை.

அவுக கம்பமெட்டுக்கு மேல ஒரு ஏலக்காய்த் தோட்டத்துல சூப்பர்வைசர். மலைப்பாதையில வண்டியோட விழுந்ததுல கை ஒடிஞ்சு போச்சு. எலும்பு கூடிருச்சு, இடது கை விரலு மட்டும் மடங்கல. "நரம்பு வந்தாலும் வரும்"னாக மதுரை டாக்டர். வராட்டின்னு நானும் கேக்கல. பைக் இல்லாம தோட்டத்துல வேலை பாக்க முடியாது. சீக்கிரம் வராட்டி வேற ஆளப் போட்டுருவோம்னு தோட்டத்துல இருந்து சொல்லிட்டாக. கேபிள் கிளட்ச அவுகளால பிடிக்க முடியல. கேபிளுக்குப் பதிலா ஆயில் தள்ளுற ஹைட்ராலிக்னா லேசா அமுங்கும்னு யாரோ சொல்ல, பழைய வண்டி ஒண்ண வாங்கிட்டு வந்துட்டாக. பாத்தா, கிளட்சுல ஆயில் ஒழுகுது. எங்க ஊரு மார்க்கையன்கோட்டை மெக்கானிக், "இது நமக்கு ஆகாது, மதுரைக்குக் கொண்டு போங்க"ன்னு பெரிய கும்பிடாப் போட்டுட்டாரு. அட போய்யான்னு நானே உக்காந்துட்டேன்.

போன்ல வீடியோவ ஓட விட்டு, லீவர் பக்கத்து சிலிண்டரக் கழட்டி, பிஸ்டன், ஸ்பிரிங் எல்லாத்தையும் பேப்பர்ல பரப்பினேன். ஆயில் ஒழுகாம அடைக்க உள்ள போடுற புது ரப்பரும் இருந்துச்சு. எங்கூருப் பட்டறைகள்ல எந்தச் சாமானையும் பெட்ரோல்ல முக்கிக் கழுவாம வண்டியில ஏத்த மாட்டாக. நானும் அதப் பாத்தவதான? வெட்டின டின்னுல பெட்ரோல ஊத்தி, புது ரப்பரையும் முக்கி மாட்டினேன். மறுநாள் லீவர அமுக்கினா, கல்லு மாதிரி இறுகுது, உள்ள போனது திரும்பல. அவுக மொகம் செத்துப் போச்சு.

கடையிலருந்து இன்னொரு செட்டக் கொண்டாந்து பக்கத்துல வச்சுப் பாத்தா, பெட்ரோல் குடிச்ச ரப்பர் உப்பிப் பெருத்துக் கெடக்கு. பிரேக் ஆயில்ல மட்டும்தான் கழுவணும்னு பாக்கெட்டுலயே போட்டிருக்கு. தெனமும் அத விக்கிறவ நான்! மானமே போச்சு. அவுக சிரிச்சாக. "பாத்தியா புள்ள, கோளாறு வண்டியிலதான், என் கையில இல்ல." அந்தச் சந்தோஷத்தப் பாத்ததும் எனக்குப் பயமாயிருச்சு.

ரெண்டாவது தடவ பிரேக் ஆயில்லயே கழுவி மாட்டினேன். அடுத்து, குழாய்க்குள்ள இருக்கிற காத்த எடுக்கணும். கீழ நான் நிப்பிள்ல டியூப்பச் சொருகி, அதத் திறந்து மூட, மேல அவுக லீவர அமுக்கிப் பிடிச்சாக, வலது கையால. டியூப்புல குமிழி குமிழியா வந்து, போகப் போக ஆயில் மட்டும் தெளிவா எறங்குச்சு. நான் ரெண்டு விரலால அமுக்கிப் பாத்தேன். ஆத்தாடி, அம்புட்டு லேசு!

அவுக ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணாக. இடது கையத் தூக்கி லீவர் மேல வச்சாக. விரலு லீவரத் தொட்டுச்சு, மடங்கல. நெத்தியில வேர்க்குது, லீவர் அசையல. இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு.

"இன்னும் காத்து இருக்கும் போல புள்ள"ன்னாக.

காத்து இருந்தா லீவர் தொளதொளன்னுதான் போகும், இறுகாது. அது எனக்கும் தெரியும், அவுகளுக்கும் தெரியும்.

"ஆமாங்க, இருக்கும்"னு சொல்லி ஸ்பேனர எடுத்துக்கிட்டுக் கீழ உக்காந்தேன். அவுக இஞ்சின அணைச்சுட்டு, வலது கைய நீட்டி லீவர அமுக்கினாக. நான் நிப்பிளத் திறந்தேன். ஆயில் சுத்தமா எறங்குச்சு. ஒரு குமிழி இல்ல. ரெண்டு பேரும் அந்த டியூப்பையே பாத்துக்கிட்டிருந்தோம்.

"போதும், மூடிரு"ன்னாக. "தோட்டத்துக்குப் போன் போட்டுக் குடு. வேற ஆளப் பாத்துக்கிரட்டும்."