அடுத்தவன் தலையில்

தொழிற்சாலையில் அவளைத் துபாஷி என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டு மேலாளர் சொல்வதைத் தொழிலாளர்களுக்குப் புரியவைப்பது அவள் வேலை. மனுஷன் வாயைத் திறந்தால் சீட்டாட்டம்தான். சேர்ந்த புதிதில் அவர் ‘ஃபாலோ சூட்’ என்றதும், நாளை எல்லாரும் சூட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டுமாம் என்று சொல்லிவிட்டாள். கூடமே சிரித்தது. ஒருவர் இஸ்பேட் இறக்கினால் அடுத்தவரும் இஸ்பேடே இறக்க வேண்டும், முன்னவர் செய்தபடியே செய் என்பதுதான் அதன் அர்த்தம் என்று கணவன் விளக்கினான். அதன்பிறகு மேலாளரின் ஒவ்வொரு சீட்டுப் பேச்சுக்கும் மூலம் தேடிப் படித்தாள்.

கொதிகலனைப் பார்த்துக்கொண்டவன் அவளுடைய கொழுந்தன். பாதுகாப்பு வால்வு இறுகிவிட்டது, திறப்பதேயில்லை என்று பலமுறை முறையிட்டான். மேலாளரிடம் அதைச் சொன்னவளும் அவளே. அவர் தலையாட்டியதோடு சரி.

ஒரு மதியம் அவர் அறை வாசலில் காத்திருந்தபோது, உள்ளே தொலைபேசியில் கொதிகலனைப் பற்றிப் பேசியவர், கொழுந்தன் பெயரைச் சொல்லிச் சிரித்தபடி ‘பாஸ் த பக்’ என்றார். ‘பக்’ என்றால் ஆண்மான் என்று படித்திருந்தாள். சீட்டுப் போடும் முறை யாருடையதோ அவர் முன்னால் மான்கொம்புப் பிடி போட்ட கத்தி இருக்குமாம். வேண்டாதவர் அதைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவாராம். பொறுப்பைக் கைகழுவுவதற்கு அதுவே பெயராகிவிட்டது என்பார்கள். இங்கே பக்கத்து ஆள் கொழுந்தன். இன்னும் எதுவும் வெடிக்கவில்லை. பழி சுமக்க ஆள் தயார்.

நேரே கொதிகலன் அறைக்குப் போனாள். குழாய்கள் நடுங்கின. அளவுமானியின் முள் சிவப்பைத் தொட்டு நின்றது.

“தம்பி, இது வெடிச்சா உங்க தலையில கட்டுறதா முடிவு பண்ணிட்டாங்க.”

“வெடிச்சா எனக்குத் தலை இருந்தாத்தானே அண்ணி” என்றவன், முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எரிபொருள் வரும் குழாயை மூடினான்.

ஆலை அடங்கியதும் மேலாளர் ஓடிவந்தார். இவன் ‘பிளஃப்’ செய்கிறானா என்று கேட்டார். கையில் நல்ல சீட்டே இல்லாமல் மிரட்டுவதற்கு அந்தப் பெயர்.

“சும்மா மிரட்டுறீங்களான்னு கேக்கறார்.”

“அவரையே வால்வைத் திறந்து பாக்கச் சொல்லுங்க.”

சொன்னாள். அவர் கிட்டேகூடப் போகவில்லை. மாலைக்குள் இருவருக்கும் வேலை போயிற்று.

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் முறையிட்டார்கள். பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் ஆலை வாசலில், கொழுந்தன் இடத்துக்கு வந்த புதிய ஆளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டு நிலைமை அப்படி என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

சற்று நேரத்தில் புகைபோக்கி புகைந்தது. துபாஷி ஆலைக்கு அடுத்திருந்த தன் வீட்டுக்கு வந்து, ஆலைப் பக்கச் சுவரை ஒட்டிக் கிடந்த பிள்ளைகளின் கட்டிலை இழுத்து மறுபக்கம் போட்டாள்.