தாலியை இழுத்த காந்தம்

எண்பதுகளின் கடைசி. காலை ஏழு மணி பஸ். மலைமேல் தானா ராத்தாவிலிருந்து கீழே தாப்பா, ஆளுக்கு மூன்று வெள்ளி டிக்கெட். பக்கத்தில் என் மனைவி பார்வதி. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். முந்தாநாள் மலையில் அவள் வலது கை திடீரென்று தொங்கிவிட்டது. பக்கவாதமா, கூடை சுமந்த கழுத்து நரம்பா, தோட்டத்து டாக்டருக்குப் பிடிபடவில்லை. கோலாலம்பூர் போய் எம்.ஆர்.ஐ. என்கிற காந்தப் படம் எடுக்கச் சொன்னார்.

"கை வரலன்னா நீங்கதான் சோறு ஆக்கணும்" என்றாள்.

"அந்தப் பயத்துலயே வந்துடும்" என்றேன்.

தாப்பாவில் பஸ் மாறிப் பகல் இரண்டு மணி. கோலாலம்பூர். கொதிக்கிற வெயில். முதல் இடத்தில் சின்னக் காந்தம். பார்வதி தாலியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். அறைக்குள் போனதும் ஊக்குகள் லேசாக ஆடின. கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். படம் மலைப் பனி மாதிரி வந்தது.

"ஒண்ணும் தெரியல. பெரிய காந்தம் இருக்கிற இடத்துக்குப் போங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்து ஊக்குகளை மறுபடி நான்தான் மாட்டினேன். அவள் விரலுக்கு முடியவில்லை.

மறுநாள் காலை, பெரிய காந்தம். கதவைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தாள். தாலி எழுந்து நின்றது! ஊக்கெல்லாம் மிஷினைப் பார்த்து நீட்டிக்கொண்டு இருந்தன.

"ஐயோ அக்கா, வெளிய வாங்க!" மிஷினை ஓட்டுகிற தமிழ்ப் பெண் கத்தினாள். "எல்லாத்தையும் கழட்டணும்லா. தாலியும்தான்."

"தாலியா? இவரு உயிரோட நிக்கிறாரே!"

எதிர்க் கடைக்கு ஓடினேன். மஞ்சள் கிழங்கு, நூல். வராந்தாவிலேயே மூன்று முடிச்சு போட்டேன். நர்ஸ் கை தட்டினாள். காத்திருந்த மலாய்க்காரர் புது மாப்பிள்ளை என்று கை குலுக்கினார். அப்புறம்தான் பார்வதி தங்கத்தைக் கழற்ற விட்டாள். ஊக்குகள் என் சட்டைப் பைக்குப் போயின.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு குழாய். உள்ளே அசையாமல் படுக்கணும். டமடம என்று சத்தம். "நம்ம தேயிலை ஃபேக்டரி மாதிரிதான், தூங்கிட்டேன்" என்றாள்.

டாக்டர் படத்தில் ஒரு புள்ளியைக் காட்டினார். "மூளையில இடது பக்கம். இப்ப வந்த வாதம், சின்னது. சின்னக் காந்தத்துல இது தெரியல."

எனக்கு ஃபேக்டரி ஞாபகம் வந்தது. தேயிலைத் தூளில் கிடக்கும் இரும்பை எடுக்க அங்கேயும் காந்தம்தான். பலமில்லாத காந்தம் பொடி இரும்பை விட்டுவிடும்.

"கை?" என்றேன்.

"வரும். மாத்திரையை மட்டும் விடாதீங்க."

வைத்தியத்துக்கு ஒரு வாரம் தங்கினோம். திரும்பும் பஸ் மலையேறி ரிங்லெட் தாண்டியதும் குளிர் வந்தது. நம்ம குளிர். பார்வதி என் சட்டைப் பையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்தாள். வலது கையால். ஒரு தடவை மடியில் நழுவியது. நான் கை நீட்டவில்லை. மறுபடி எடுத்தாள். தாலியில் மாட்டினாள்.

"இன்னொண்ணு குடுங்க" என்றாள்.