நிலக்கடலை ஓடு போகும் திசை

ஆர்லீதா என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள். என் மாமியார் பின்வாசல் படியில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். புழுக்கம் தாங்காமல் ஏரியில் ஒரு முங்கு போட்டுவிட்டு வரலாமென்று துண்டை எடுத்தேன்.

“ஆர்லீதாகிட்ட கேட்டியா?” என்றாள், கத்தியை நிறுத்தாமல்.

யாரோ பெரியவள் என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் பத்து வயதுப் பெண். நாற்காலியின் முன்கால் இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி போட்டுக்கொண்டு, அவித்த நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள். ஓட்டைத் தண்ணீரில் போட்டு, அது போகிற போக்கைப் பார்த்தாள். “இறங்கு அண்ணி. இடுப்புக்கு மேல வேணாம்” என்றாள். என் மாமியாரின் தங்கை வில்மாவுடைய மகள். எனக்கு நாத்தனார் முறை. இதெல்லாம் நடந்து அறுபத்து மூன்று வருஷம் ஆகிறது.

எங்கள் ஏரிக்குள் வந்து விழும் ஓடையும் கிடையாது, வெளியே போகும் வாய்க்காலும் கிடையாது. ஃபிளாரிடாவில் எங்கள் பக்கத்துத் தரை அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஏரியின் நடுவில் ஒரு துளை இருக்கிறது. இருபது, முப்பது வருஷத்துக்கு ஒருதரம் அது திறந்துகொள்ளும். ஒரே இராத்திரியில் ஏரி காணாமல் போய்விடும். முதலைகள் பட்டப்பகலில் வரிசையாகத் தார்ச்சாலையைக் கடந்து போகும். சேற்றில் மீன் துள்ளும். ஊரே அண்டாவும் தொட்டியுமாக அள்ள ஓடும். போகாதே என்று சொன்னாலும் கேட்கமாட்டோம், எங்கள் பிறவி அப்படி.

சாதாரண நாளில் ஓடு காற்றடிக்கும் பக்கம் போகும். காற்றை எதிர்த்து நடு ஏரியைப் பார்த்துப் போனால் துளை திறந்துவிட்டது என்று பொருள்.

அவள் அப்பா பிரெஸ்காட் போனது அப்படித்தான். ஆர்லீதாவுக்கு அப்போது ஏழு வயது. அவர் தொட்டி நிறைய மீனோடு துளைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். சாப்பாடு ஆறுகிறதே என்று வில்மா கரையிலிருந்து, “பிரெஸ்காட்!” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திரும்பினார். கால் புதைந்தது. தொட்டி மட்டும்தான் கிடைத்தது. அதன்பிறகு காற்றில்லாத காலைகளில் ஏரிப்பக்கமிருந்து, “பிரெஸ்காட்” என்று வில்மாவின் குரல் கேட்டதாம். வில்மா அடுப்படியில் வாய்மூடி நிற்கும்போதே கேட்டதாம். இரண்டாம் வருஷம் ஏரி மறுபடி நிறைந்து நின்றது.

அதனால் எங்கள் ஊரில் தண்ணீருக்கு மேலே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். கேட்ட பெயரை ஏரி பிடித்துக்கொள்ளும், அது கூப்பிட்டால் பதில் குரல் கொடுக்கக்கூடாது என்பார்கள். ஆபத்து என்றால் கரையோரத்துச் சைப்ரஸ் மரத்தில் தொங்கும் இரும்புச் சட்டியைத் தட்டவேண்டும். நான் வேற்றூரிலிருந்து வாழ வந்தவள். வெகுகாலம் சிரித்திருக்கிறேன்.

ஆர்லீதா முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகுமுன் ஏரி, வந்தபின் ஏரி. செருப்பைக் கழற்றினால் நுனி கரையைப் பார்த்திருக்கும்படிதான் வைப்பாள். தேவாலயத்தில்கூட ஏரிக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டாள். பாதிரியாரைப் பக்கவாட்டில்தான் பார்ப்பாள். கட்டினவன் ஜாக்சன்வில்லுக்குக் குடிபோகலாம் என்று இரண்டு வருஷம் கெஞ்சிப் பார்த்தான். “அந்த ஏரியையே கட்டிக்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கொக்கு பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி, “உங்களுக்கென்னம்மா, நிம்மதியான பொழுது” என்பார்கள். “ஆமாங்க, நிம்மதிக்கு என்ன குறைச்சல்” என்பாள். கண் ஓட்டை விட்டு நகராது.

போன மே மாதம் கரையில் தேவாலயத்து மீன் விருந்து. ஆர்லீதாவின் அண்ணன் லூவர்ட் நடு ஏரியில் படகைப் போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எழுபத்தாறு வயது. அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே உடன்பிறப்பு. காற்று எங்கள் முகத்தைப் பார்த்து அடித்தது. திடீரென்று தவளைச் சத்தம் நின்றது. பார்த்தேன், ஆர்லீதா எழுந்து நிற்கிறாள். கடலை ஓடு காற்றை எதிர்த்து உள்ளே போய்க்கொண்டிருந்தது, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல.

மரத்துக்கு ஓடினாள். சட்டி இல்லை. கெளுத்தி மீன் பொரிக்க அதைத்தான் எடுத்து அடுப்பில் வைத்திருந்தார்கள். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

“எந்த அறிவுகெட்டவன் அதை எடுத்தது?”

“நாந்தான் அக்கா. சும்மாதானே தொங்குச்சு?” என்றார் பாதிரியார்.

“அண்ணே!” என்று அவள் ஏரியைப் பார்த்துக் கத்தினாள். எங்கள் சபையில் ஆம்பிளைகள் எல்லோருமே அண்ணன்தான். கரையிலிருந்த பதினைந்து பேரும் திரும்பினார்கள். படகில் இருந்தவன் மட்டும் திரும்பவில்லை. படகு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்திருந்தது.

ஆர்லீதா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை மறக்கமாட்டேன். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்து, “லூவர்ட்!” என்றாள்.

அவன் திரும்பினான். துடுப்பை எடுத்தான். கரைக்கு வந்து சேர்ந்தபோது சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. “என்னடி, இருநூறு அடியை ரெண்டு மைலாக்கிப்புட்டுது” என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது ஏரி இல்லை. துளை மட்டும் திறந்து கிடந்தது, வண்டி ஒன்று விழுகிற அகலத்துக்கு.

ஒன்பதாம் நாள் காலையில் அது கூப்பிட்டது. “லூவர்ட்.” ஆர்லீதாவின் குரல். ஆர்லீதா என் பக்கத்தில் வாய் நிறையக் கடலையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் காது மந்தம். ஆனாலும் அது கேட்டது.

லூவர்ட் எதையும் கேலியாக்குகிறவன். முதலில், “மரியாதைக்கு ஒருதரம் ‘என்ன’ன்னு கேட்டா என்ன குறைஞ்சுபோவுது?” என்றான். இப்போது கேலி இல்லை. “அண்ணி, அது பாவம்போல இருக்கு” என்கிறான் என்னிடம். ஆர்லீதா அவனை வீட்டில் பூட்டி வைத்துப் பார்த்தாள். சன்னல் வழியாக இறங்கி, வெறுங்காலோடு சேற்று விளிம்பில் போய் நின்றான். அதனால் இப்போது அவளே கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறாள். போட்டுப் பார்க்கத் தண்ணீர் இல்லாததால் ஓடுகள் மடியிலேயே சேர்கின்றன.

இன்று காலையும் வறுத்த மீனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். கிழக்குக் கரையில் இரண்டு நாற்காலி. காற்று இல்லை. ஆர்லீதா அங்கேதான் இருக்கிறாள், இடது கையில் கடலைப்பை, வலது கை அண்ணன் வாய்மேல்.